பானை கொதித்தால் ஒரு வாக்கு

கார்ஃபோர்டு நகரில் யாருக்கு வாக்கு உண்டு என்பதில் குழப்பமே இல்லை. சொந்த அடுப்பில் சொந்தப் பானையைக் கொதிக்க வைக்கும் ஆணுக்கு உண்டு. மற்றவர்களுக்கு இல்லை. பக்கத்து ஊர்களில் நிலம் வைத்திருப்பவனுக்கு வாக்கு, பழைய குடும்பத்தில் பிறந்தவனுக்கு வாக்கு என்று ஏதேதோ வைத்திருந்தார்கள். கார்ஃபோர்டுக்காரர்கள் அதையெல்லாம் கொஞ்சம் இளக்காரமாகவே பார்த்தார்கள். நிலம் சிலரிடம்தான் இருக்கும். பானை எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

அரசர் தன் நாடாளுமன்றத்தோடு போரிட்டுத் தோற்று, ஒரு தீவுக் கோட்டையில் அடைபட்டிருந்த குளிர்காலம். நாடாளுமன்றத்தில் கார்ஃபோர்டுக்காக உட்கார்ந்திருந்தவர் லண்டனில் காய்ச்சல் வந்து இறந்துபோனார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் சர் மார்மடியூக் ஹெக்ஸ்ட். ஊருக்குக் கிழக்கே கிடக்கும் பொதுச் சதுப்பில் தண்ணீரை வடித்து, வேலி போட்டு, தனக்காகக் கோதுமை விதைக்க அவர் விரும்பினார். அதற்கு நாடாளுமன்றத்தின் ஆணை வேண்டும். ஆணை கொடுக்கிற இடத்தில் தானே உட்கார்ந்திருந்தால் வேலை சுலபம். இன்னொருவர் வேக்லி என்ற வழக்கறிஞர். சதுப்பு இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார். வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அம்புரோஸ் டக்கெட் கம்பளி நெசவாளி. வயது இருபத்தெட்டு. மூன்று வருடம் நாடாளுமன்றப் படையில் ஈட்டி பிடித்தவன். முழங்காலில் அடிபட்டுத் திரும்பியவன். அவனுக்கு ஒரு பசு இருந்தது. அது சதுப்பில் மேய்ந்தது. கிரேஸ் என்று ஏழு மாதக் குழந்தை இருந்தது. அது பசுவின் பாலைக் குடித்தது. மனைவி தாமசின் பிரசவத்தில் இறந்துவிட்டாள். வேலி வந்தால் பசுவுக்குப் புல் இல்லை. புல் இல்லையென்றால் பால் இல்லை. அம்புரோஸின் அரசியல் இவ்வளவுதான்.

இன்னும் படையிலிருந்த அவன் நண்பன் சைலஸ் கடிதம் எழுதியிருந்தான். லண்டனுக்கு வெளியே ஒரு தேவாலயத்தில் சிப்பாய்களும் தளபதிகளும் நாள் கணக்கில் உட்கார்ந்து வாதாடினார்களாம். ஒரு சட்டத்தின் கீழ் வாழ வேண்டியவனிடம், அந்தச் சட்டத்தைச் செய்கிறவர் யாராக இருக்கலாம் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்கப்படாதவனை அது கட்டாது. ஏழையானாலும் அப்படித்தான் என்று சிப்பாய்கள் சொன்னார்களாம். தளபதிகள் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள் என்று சைலஸ் எழுதியிருந்தான். அதன் பிறகு என்ன ஆனது என்று எழுதவில்லை.

"வாக்குப் பட்டியலைச் சரிபாக்குற பானைக் குழு செவ்வாய்க்கிழமை நம்ம தெருவுக்கு வருதாம்," என்றாள் பக்கத்து வீட்டு உர்சுலா. அவள் கணவனை இழந்தவள். இருபத்திரண்டு வருடமாகத் தனியாக அடுப்பு மூட்டுகிறவள். கிரேஸைப் பகலெல்லாம் அவள்தான் வைத்திருந்தாள். "அடுப்பு பத்த வச்சியா?"

"இல்லக்கா."

"எப்ப வைக்கப்போற?"

"வைக்கணும்."

"ஜூலையிலேருந்து இதையேதான் சொல்ற. குளிர்ல விறைச்சுச் சாவுறதுக்குன்னே வீடு கட்டிக் குடியிருக்கிற ஆளு ஊர்லேயே நீ ஒருத்தன்தான்."

ஜூலை ஒன்பதாம் தேதி காலையில் தாமசின் பார்லியைப் பானையில் போட்டு அடுப்பில் தொங்கவிட்டாள். கொதி வந்தது. அவளுக்கு வலியும் வந்தது. மாலைக்குள் எல்லாம் முடிந்தது. பானை இன்னும் அதே கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவன் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றான். உர்சுலா தினம் ஒரு கிண்ணம் கூழ் கொண்டுவந்து தறியின் மேல் வைத்துவிட்டுப் போவாள்.

செவ்வாய்க்கிழமை குழு வந்தது. முன்னால் மணி. அதற்குப் பின்னால் ஒரு பட்டுத் தலையணை. தலையணையின் மேல் நகரத்தின் வெள்ளி அகப்பை. அதற்குப் பின்னால் ஏழு பேர். ஏழு பேருக்கும் தலைவர் நகர நிர்வாகியான பெய்லிஃப் நெஹேமியா பில்பீம். எழுத்தர் கோட்ஃப்ரி கடைசியாக வந்தார். அவரிடம் பெரிய நோட்டுப் புத்தகம் இருந்தது. பானையில் மூன்று குமிழி வரும்வரை குழு மௌனமாக நின்று பார்க்கும். பிறகு பெய்லிஃப் வெள்ளி அகப்பையால் ஒரு வாய் ருசிப்பார். பிறகு பெயர் பதிவாகும். நானூறு வருடத்து வழக்கம் என்று சொல்லிக்கொண்டார்கள். அகப்பை வாங்கிப் பதினோரு வருடம்.

பில்பீம் குனிந்து அடுப்பைப் பார்த்தார்.

"கொதிக்கலையே."

"எம் மனைவி இறந்துட்டா, ஐயா."

"கேள்விப்பட்டோம். ரொம்ப வருத்தம். கோட்ஃப்ரி, வருத்தம்னு எழுதிக்கோ." கோட்ஃப்ரி எழுதினார். "இந்தப் பானை கடைசியா எப்ப கொதிச்சுது?"

"ஜூலை ஒம்பது."

"யார் வச்சது?"

"தாமசின்."

"ஆக, நீ வைக்கல."

"அவ வச்சா. எப்பவும் ரெண்டு பேருமா சாப்பிடுவோம்."

"சாப்பிடுறதுக்கு வாக்கு கிடையாதுப்பா. கொதிக்க வைக்கிறதுக்குத்தான்."

அம்புரோஸுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அப்படின்னா, அவளுக்கு வாக்கு இருந்துச்சுங்களா?"

குழுவில் ஒருவர் இருமினார்.

"பொம்பளைக்கு எப்படிப்பா இருக்கும்?" என்றார் பில்பீம், பொறுமையாக. "பொண்டாட்டி பானை வச்சா அது புருஷன் வச்ச மாதிரி. அவ போனதுக்கப்புறம் புருஷன் வைக்கலைன்னா, அது யாருமே வைக்காத மாதிரி. இதுல புரியாம போறதுக்கு என்ன இருக்கு?"

வெள்ளிக்கிழமை நகர மண்டபத்துக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று உத்தரவானது.

அவன் ஒருவன் மட்டும் அல்ல. பழைய பட்டியலில் நூற்று நாற்பத்து மூன்று பெயர்கள் இருந்தன. குழு அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பீப்பாய் செய்யும் சகோதரர்கள் இருவருக்கு இரண்டு அடுப்பு, இரண்டு பானை, ஒரே புகைபோக்கி. வெளியே வருகிற புகையில் அண்ணனுடையது எது, தம்பியுடையது எது என்று காட்டச் சொன்னார்கள். காட்ட முடியவில்லை. இரண்டு பெயரும் அடிக்கப்பட்டன. ரொட்டிக்காரர் வீட்டில் பெரிய சூளை இருந்தது. ஊருக்கே அதில்தான் ரொட்டி. ஆனால் ரொட்டி வேகிறது, கொதிப்பதில்லை. அவர் பெயரும் போனது. செருப்புத் தைக்கிறவர் வீட்டில் இரண்டு குமிழி வந்தது. மூன்றாவதுக்காகக் குழு கால் மணி நேரம் நின்றது. அவர் அடுப்பின் முன் மண்டியிட்டு ஊதிக்கொண்டே இருந்தார். வரவில்லை.

குழு எப்போது வரும் என்று யாருக்கும் முறையாகச் சொல்லப்படவில்லை, வதந்திதான் வந்தது. அதனால் எல்லா வீட்டிலும் விடிந்ததிலிருந்து பானைகள் கொதித்துக்கொண்டே இருந்தன. ஊர் முழுக்க வெங்காய வாடை. போடுவதற்குக் காய் இல்லாதவர்கள் வெறும் தண்ணீரைக் கொதிக்க விட்டார்கள். அதையும் பில்பீம் ருசி பார்த்து, இது பானையா வெந்நீரா என்று கேட்டு, பெயரை அடித்தார். எரிப்பதற்குச் சதுப்பில் வெட்டி உலர்த்திய கரிமண் கட்டிதான் எல்லோருக்கும். குளிர்காலம் முழுவதற்கும் அடுக்கி வைத்திருந்த கட்டிகள் மூன்று வாரத்தில் தீர்ந்தன. பிறகு முக்காலிகளை எரித்தார்கள். தோல் பதனிடுகிறவர் கதவை எரித்தார். கதவில்லாத வீடு வீடாகாது என்று அவர் பெயர் அடிக்கப்பட்டது.

நடுவில் மூன்று நாள் குழு வரவில்லை. மண்டபத்து வாசலில் அறிவிப்பு தொங்கியது. மக்களின் உரிமைக்காக நூற்றிருபது பானைகளை ருசி பார்த்ததில் பெய்லிஃப் அவர்களுக்கு வயிற்றுப்போக்கு. தேவாலயத்தில் அவருக்காகப் பிரார்த்தனை நடக்கும். வராதவர்களின் பெயர்கள் குறித்துக்கொள்ளப்படும்.

வெள்ளிக்கிழமை அம்புரோஸ் மண்டபத்துக்குப் போனான். உர்சுலா கிரேஸை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். பெண்கள் பின்சுவரோடு நிற்கலாம், பேசக்கூடாது.

பில்பீம் எழுந்து நின்றார். உடம்பு இளைத்திருந்தார். ஆனாலும் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இந்த நாட்டுல அதிகாரம் எங்கேருந்து வருது? மக்கள்கிட்டேருந்து. அதுல எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. அரசரையே எதிர்த்து நின்னது அதுக்குத்தானே. ஆனா மக்கள்னா யாரு? தெருவுல நடந்து போறவன்லாம் மக்களாயிட முடியுமா? மக்கள்ங்கிறது எவ்வளவு பெரிய சொல்லு. அதுக்குள்ள கண்டவனையும் அடைச்சா அதோட மதிப்பு என்ன ஆவறது? அதனாலதான் நாங்க ஏழு பேரும் வயித்தக் கெடுத்துக்கிட்டு, மக்கள்லேருந்து மக்களைப் பொறுக்கி எடுத்துக்கிட்டு இருக்கோம்."

குழு தலையசைத்தது.

"நான் மூணு வருஷம் சண்டை போட்டேன், ஐயா," என்றான் அம்புரோஸ்.

"போட்ட. நன்றி. எதுக்காகப் போட்ட?"

"நம்ம உரிமைக்குன்னு சொன்னாங்க."

"அது கிடைச்சிடுச்சில்ல. எங்ககிட்ட பத்திரமா இருக்கு."

அம்புரோஸுக்குச் சைலஸின் கடிதம் நினைவுக்கு வந்தது. அதைச் சரியாகச் சொல்ல வராது என்று தெரியும். இருந்தாலும் சொன்னான். "என்னைக் கேக்காம ஒருத்தர் போய்ச் சட்டம் போட்டா, அது என்னை எப்படிங்க கட்டும்?"

"அதெல்லாம் நல்லாவே கட்டும்," என்றார் பில்பீம். "அதுக்குத்தான் காவலர் இருக்காங்க." பிறகு காகிதத்தைப் பார்த்தார். "இன்னொரு புகார். தினம் ஒரு கிண்ணம் கூழ் பக்கத்து வீட்டுலேருந்து வருதாமே. அடுத்தவன் கையால தர்மச்சோறு சாப்பிடுறவனுக்கு வாக்கு இல்லை. சட்டம் தெரியுமில்ல?"

"அது தர்மம் இல்லீங்க," என்றாள் உர்சுலா பின்சுவரிலிருந்து. "அவன் எனக்குக் கரிமண் வெட்டித் தர்றான். நான் கூழ் தர்றேன்."

பேசக்கூடாது என்று ஒரு காவலர் அவளிடம் சொன்னார். பேசியாகிவிட்டதே என்று அவள் அவரிடம் சொன்னாள்.

ஏழு பேரும் தலையைச் சேர்த்துக் கிசுகிசுத்தார்கள். பிறகு பில்பீம் தீர்ப்புச் சொன்னார். தர்மம் இல்லைதான். வேலைக்குக் கூழ் என்றால் அது வியாபாரம். அப்படியானால் அம்புரோஸின் சோறு உர்சுலாவின் வீட்டில்தான் கொதிக்கிறது. அப்படியானால் அவன் அடுப்பு இருப்பது அங்கே. ஆனால் அந்த அடுப்பு ஒரு பெண்ணுடையது; பெண்ணுடைய பானைக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாத பானையில் இன்னொருவன் போய்ப் பங்கு கேட்க முடியாது.

"அப்ப இருபத்திரண்டு வருஷமா என் வீட்டுல கொதிக்கிறது என்னதுங்க?" என்றாள் உர்சுலா.

"பானைதான்," என்றார் பில்பீம். "யாரு இல்லேன்னு சொன்னா?"

"எசமான், ஒரு சந்தேகம்," என்று செருப்புத் தைக்கிறவர் எழுந்தார். "உங்க ஏழு பேர் வீட்டுலயும் பானை வைக்கிறது வேலைக்காரிங்கதானே?"

"வேலைக்காரி கை எசமானோட கை. உக்காரு."

அம்புரோஸின் பெயர் அடிக்கப்பட்டது. வெளியே வந்தபோது கிரேஸ் அழ ஆரம்பித்தாள். உர்சுலா அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நடந்தாள். "ஹெக்ஸ்ட் ஆளுங்க சதுப்போரமா வேலிக்கு முளை அடிக்கிறாங்க, பாத்தியா?" என்றாள். அவனும் பார்த்திருந்தான். நூற்றுக்கணக்கான முளைகள். வாக்குப்பதிவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

திங்கட்கிழமை மதியம் எழுத்தர் கோட்ஃப்ரி தனியாக வந்தார். மணி இல்லை, தலையணை இல்லை. தறியின் பக்கத்தில் உட்கார இடம் தேடி, கிடைக்காமல், நின்றார்.

"தம்பி, ஒரு சின்ன சிக்கல்," என்றார். "பட்டியல் முடிஞ்சிடுச்சு. ரொம்ப நேர்மையா முடிஞ்சிடுச்சு. ஏழு பேர்தான் தேறியிருக்காங்க."

"எந்த ஏழு பேர்?"

"அதான் சிக்கல். அந்த ஏழு பேர்தான். இத அப்படியே லண்டனுக்கு அனுப்பினா சிரிப்பாங்க. வெளியாள் ஒருத்தராவது வேணும். நீ சிப்பாய். கால் வேற விந்தற. பொண்டாட்டி செத்துட்டா. காகிதத்துல பாக்க நல்லா இருக்கும்."

"என் பேரை அடிச்சிட்டீங்களே."

"அந்தப் பக்கத்துல மை கொட்டிடுச்சு. நீ அடுப்பைப் பத்த வை. வியாழக்கிழமை வர்றோம்."

"நான் வேக்லிக்குத்தான் சொல்வேன்."

"யாருக்கு வேணா சொல்லு, தம்பி. உன் வாக்கு, உன் இஷ்டம். ஏழுக்கு ஒண்ணு. என்ன ஆயிடப்போகுது?"

வியாழக்கிழமை விடியற்காலையில் அம்புரோஸ் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தான். பானையைக் கொக்கியிலிருந்து எடுத்தான். அடியில் பார்லி கறுத்து ஓடாக ஒட்டியிருந்தது. கத்தியால் சுரண்டினான். சுலபமாக வரவில்லை. தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, மறுபடி சுரண்டினான். சுரண்டியதை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. வெகுநேரம் அதை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினான். குருவிகள் வந்தன.

உர்சுலா தன்னிடம் மீதியிருந்த ஐந்து கரிமண் கட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். "எரியட்டும்," என்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கிரேஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தீ பிடித்தது. புகைபோக்கிக்குள் ஒண்டியிருந்த காகம் ஒன்று கத்திக்கொண்டு பறந்தது. அவன் பார்லியும் ஒரு வெங்காயமும் போட்டான். உப்புப் பெட்டியைத் தாமசின் எங்கே வைத்தாள் என்று தேடினான். கிடைக்கவில்லை. கொதி வந்தபோது அந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. அவன் எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டான்.

மணி வந்தது. தலையணை வந்தது. ஏழு பேரும் மௌனமாக நின்றார்கள். மூன்று குமிழி வந்தது. பில்பீம் ருசி பார்த்தார்.

"உப்பு இல்ல," என்றார். "இருந்தாலும் போகட்டும். மக்கள்ல ஒருத்தனா உன்னைச் சேத்துக்கிட்டோம். கோட்ஃப்ரி, எழுது."

வாக்குப்பதிவு அன்று மண்டபத்துக்கு வெளியே ஊரே நின்றது. நூற்று முப்பத்தைந்து பேர் பெயர் அடிபட்டவர்கள். சிலர் பானையைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள், எதற்கென்று அவர்களுக்கே தெரியாமல். பெண்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். உள்ளே எட்டுப் பேர். வாயால் சொல்ல வேண்டும், உரக்க, எல்லோருக்கும் கேட்கும்படி. அதுதான் வழக்கம்.

"ஹெக்ஸ்ட்," என்றார் பில்பீம்.

ஹெக்ஸ்ட், ஹெக்ஸ்ட், என்று ஆறு பேர் வரிசையாகச் சொன்னார்கள். ஒருவர் சொல்லிவிட்டு ஏப்பம் விட்டார்.

"வேக்லி," என்றான் அம்புரோஸ்.

அவன் நினைத்ததைவிட உரக்க வந்தது. வெளியே யாரோ அதைக் கேட்டுவிட்டு இன்னொருவரிடம் சொல்வது உள்ளே கேட்டது. எந்த நாளிலும் இல்லாதபடி அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்று வருடம் ஈட்டி பிடித்தபோதுகூட அப்படி அடித்ததில்லை.

"சரி, ஆயிடுச்சு," என்றார் பில்பீம். "ஏழுக்கு ஒண்ணு. எழுதிடு, கோட்ஃப்ரி."

கோட்ஃப்ரி எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"என்ன?"

"ஐயா, எல்லாரும் ஒரே பேரைச் சொன்னா 'ஊரார் ஒருமனதாக'ன்னு ஒரு வரியில முடிச்சிடலாம். ஒருத்தர் மாத்திச் சொல்லிட்டா, யாரு யாருக்குச் சொன்னாங்கன்னு பேர் பேரா எழுதணும். எழுதினா தோத்தவர் லண்டன்ல மனு போடலாம். மனு போட்டா அவங்க ஆள் அனுப்புவாங்க."

"எதுக்கு?"

"பானைகளைப் பாக்க."

"எல்லாப் பானையுமா?"

"எல்லாம். நம்மதும் சேத்து. வேலைக்காரி கை அங்க செல்லாது, சொந்தக் கையாலே கொதிக்க வச்சுக் காட்டணும்."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க வீட்டுல பானை எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாதே," என்றார் ஒருவர், மெதுவாக.

அம்புரோஸுக்கும் அப்போதுதான் புரிந்தது. இத்தனை பேரை அடித்துத் துடைத்து, மிச்சம் வைத்த ஒரே ஒருவனுடைய வாயில் இப்போது எல்லாம் மாட்டிக்கொண்டிருந்தது. அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சொன்னதை மாற்றாமல் நின்றால் போதும்.

பில்பீம் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். முதல்முறையாக அவன் பெயரைச் சொன்னார்.

"அம்புரோஸ், உனக்குப் பசு இருக்கில்ல?"

"இருக்கு, ஐயா."

"வேலி போட்டதுக்கு அப்புறமும் அது உள்ள மேயட்டும். ஆயுசுக்கும். நான் சர் மார்மடியூக்கிட்ட எழுதி வாங்கித் தர்றேன். உனக்கு வேணும்கிற கரிமண்ணும் வெட்டிக்கோ. உனக்கு மட்டும்."

"மத்தவங்க?"

"மத்தவங்கள இங்க யாரும் கூப்பிடலையே."

அம்புரோஸ் கோட்ஃப்ரியின் பேனாவைப் பார்த்தான்.

"சரி, நீ வேக்லின்னே நிக்கிறேன்னு வச்சுக்குவோம்," என்றார் பில்பீம். குரலில் கோபமே இல்லை. "உன் உரிமை. நாங்க தடுக்க முடியுமா? மனு போவும். விசாரணைக்கு வர ரெண்டு வருஷம் ஆவும். அதுவரைக்கும் ஹெக்ஸ்ட்தான் அங்க உக்காந்திருப்பார். வேலி போட ரெண்டு வாரம் போதும். உன் குழந்தைக்கு எத்தனை மாசம் ஆவுது?"

"ஏழு."

"ஏழு," என்றார் பில்பீம்.

அம்புரோஸ் ஜன்னலைப் பார்த்தான். வெளியே தலைகள் தெரிந்தன. முகங்கள் தெரியவில்லை. கிரேஸின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. இரண்டு விரலால் பிடித்தாலும் விரல்கள் தாண்டிப் போகும். பால் நின்று எத்தனை நாளில் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"ஹெக்ஸ்ட்," என்றான்.

"கொஞ்சம் சத்தமா சொல்லணும். வழக்கம்."

"ஹெக்ஸ்ட்."

"மனசாரத்தானே சொல்ற? நாங்க கட்டாயப்படுத்தினோம்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது. மக்களோட சம்மதம்னா அது மனசார வந்ததா இருக்கணும். இல்லேன்னா அதுக்கு மதிப்பே கிடையாது."

"மனசாரத்தான்."

பில்பீம் அவன் தோளைத் தட்டினார். கோட்ஃப்ரியின் பேனா ஓடத் தொடங்கியது. ஒரே வரிதான். மையை உலர்த்த மணல் தூவி, ஊதி, மூடினார். ஏழு பேரும் எழுந்து மேலங்கியைச் சரிசெய்துகொண்டார்கள். கதவு திறந்தது. பில்பீம் படியில் நின்று, மக்கள் என்ன முடிவெடுத்திருக்கிறார்கள் என்பதை மக்களுக்கு அறிவித்தார்.

ரொட்டிக்காரர் தொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு எங்கோ ஒருவர், வேலி வருவதற்குள் போய்க் கரிமண் வெட்டினால்தான் உண்டு என்றார். கூட்டம் கலைந்தது. வீடுகளுக்கு ஓடி மண்வெட்டியும் கூடையுமாக வெளியே வந்து, கிழக்கே சதுப்பைப் பார்த்து நடந்தார்கள். ஈர மண், உலர மாதங்கள் ஆகும். இருந்தாலும் போனார்கள்.

உர்சுலா கிரேஸோடு அவனுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"முதல்ல வேக்லின்னு கேட்டுச்சே," என்றாள்.

"சொன்னேன்."

"அப்புறம்?"

அவன் சொன்னான். பசுவைப் பற்றியும் சொன்னான். மனுவைப் பற்றியும், இரண்டு வருடத்தைப் பற்றியும் சொன்னான். எதையும் விடவில்லை. அவள் முழுவதையும் கேட்டாள். குழந்தையின் மூக்கைத் தன் சால்வை நுனியால் துடைத்துவிட்டாள்.

"உன் இடத்துல நான் இருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்," என்றாள். "ஆனா என்னைய யாரு கேட்டா?"

குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மற்றவர்களைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.

சந்தை வெளி காலியானது. அம்புரோஸ் கிரேஸைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊரில் அவன் ஒருவன் மட்டும் எங்கும் ஓட வேண்டியதில்லை.